இயற்கைக்கு மாறான கற்குவியல்

பாலைத் திணைக்குரிய பொழுது எது என்று கேட்டால் வேனிலும் நண்பகலும் என்று முதலாண்டு மாணவனும் சொல்லிவிடுவான். அடுத்த நூற்பாவிலேயே தொல்காப்பியர் பின்பனியும் பாலைக்கு உரியதுதான் என்று சேர்த்துச் சொல்லியிருப்பதை நாம் அதிகம் பொருட்படுத்துவதில்லை. பாலையில் பனிக்காலம் என்பது நம் மனத்தில் எளிதில் எழாத காட்சி. ஆனால் அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலத்தில் மனிதர்கள் நிறையும் பருவம் பனிக்காலம்தான். வேனிலில் அங்கே வழிப்பறி செய்யக்கூட ஆள் கிடையாது.

மேற்கு அரிஸோனாவில், கொலராடோ ஆற்றிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், குவார்ட்ஸைட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 2,400 அளவில்தான். ஜனவரியில் போய்ப் பார்த்தால் அந்த எண்ணை யாரும் நம்பமாட்டார்கள். கனடாவிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் பணி ஓய்வு பெற்றவர்கள் வீட்டையே வண்டியாக ஓட்டிக்கொண்டு வந்து, சரளைக்கற்கள் பரந்த வெற்றுத் தரையில் நிறுத்தி, வசந்தம் வரை தங்கிவிடுகிறார்கள். பனிப்பறவைகள் என்று அவர்களுக்குப் பெயர். கூட்டரசின் நில மேலாண்மைத் துறைக்குச் சொந்தமான பொதுநிலத்தில் வழக்கமாக ஓரிடத்தில் 14 நாட்களுக்கு மேல் முகாமிட முடியாது. குவிந்த கூட்டத்தைக் கண்டு 1983இல் அத்துறை சில நிலப்பகுதிகளை நீண்டகாலத் தங்கலுக்கென ஒதுக்கியது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை என்று அதற்குப் பருவமும் வகுத்தது. அரசாணையால் பாலைக்குப் பெரும்பொழுது வகுத்த பெருமை அந்தத் துறைக்கு உண்டு.

ஏழு மாதங்கள். பகலில் இதமான வெயில், இரவில் எலும்பைத் தொடும் குளிர், தொலைக்காட்சிக்கு அலைவரிசை எடுக்காத வெளி. இந்த மனிதர்கள் பொழுதை எப்படித்தான் போக்குகிறார்கள்? கல் பொறுக்குகிறார்கள், குவார்ட்ஸைட்டின் ரத்தினக்கல் சந்தைகள் 1960களிலேயே தொடங்கிவிட்டன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஒருவர் ஒரு பெட்டியை எங்கோ ஒளித்துவைத்து அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை அறிவிப்பார். மற்றவர்கள் ஜிபிஎஸ் கருவியுடன் தேடிப் போய்க் கண்டுபிடித்து, உள்ளிருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதி, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்புவார்கள். ஜியோகேஷிங் என்று இதற்குப் பெயர். சிறுபிள்ளை விளையாட்டுதான். ஆனால் இந்த விளையாட்டு எப்படி வந்தது, எந்த நிலத்தின்மேல் நடக்கிறது என்று பார்க்கத் தொடங்கினால் அது சிறுபிள்ளைத்தனமாக இல்லை.

ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவத்தின் பிள்ளை. 1983 செப்டம்பரில் வழி தவறிச் சோவியத் வான்வெளிக்குள் நுழைந்த கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தபின், இந்த வசதி பொதுமக்களுக்கும் திறந்துவிடப்படும் என்று ரீகன் அரசு அறிவித்தது. கொடுத்த கையால் கொஞ்சம் பிடித்தும் வைத்துக்கொண்டது. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டது; காட்டும் இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் 100 மீட்டர் வரை வேறுபாடு இருக்கலாம். விந்தை என்னவென்றால், 1990-91 வளைகுடாப் போரில் அடையாளமே இல்லாத மணல்வெளியைக் கடக்க அமெரிக்கப் படைகளுக்கு ராணுவக் கருவிகள் போதவில்லை. சந்தையில் விற்கும் சாதாரணக் கருவிகளை வாங்கிச் சமாளிக்க வேண்டியதாயிற்று. தான் கலந்த பிழையில் தன் வீரர்களே வழிதவறக்கூடாதே என்று அப்போது பிழையைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தார்கள். ஆக, துல்லியமான ஜிபிஎஸ் சாதாரணக் கருவியில் முதலில் பெருமளவில் பயன்பட்ட இடமே ஒரு பாலைதான்.

2000 மே 1ஆம் தேதி அதிபர் கிளிண்டன் அந்தப் பிழையை நிரந்தரமாக நீக்க ஆணையிட்டார். ஒரே இரவில் உலகிலுள்ள எல்லாக் கருவிகளும் பல மடங்கு கூர்மையாயின. மே 3ஆம் தேதி ஒரிகன் மாநிலத்தின் பீவர்க்ரீக் அருகே டேவ் அல்மர் என்ற கணினி ஆலோசகர் ஒரு கறுப்பு வாளியைப் பாதி புதைத்துவைத்து அதன் ஆயங்களை இணையத்தில் அறிவித்தார். உள்ளே ஒரு பதிவேடு, பென்சில், புத்தகங்கள், கவண், ஒரு டின் பீன்ஸ். மூன்று நாட்களுக்குள் இருவர் அதைக் கண்டடைந்தார்கள். மாத இறுதியில் மேட் ஸ்டம் என்பவர் ஜியோகேஷிங் என்ற சொல்லை முன்மொழிந்தார். செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் 75 பெட்டிகளின் பட்டியலோடு தளத்தைத் தொடங்கினார். இன்று உலகெங்கும் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இருக்கின்றன. எண்ணிக்கையில் எனக்கு அத்தனை ஆர்வமில்லை. பீன்ஸ் டின் மட்டும் நினைவில் தங்கிவிட்டது.

அதே மே மாதம் 17ஆம் தேதி மொஹாவி பாலையில் ஒரு பொருள் காணாமல் போனது. தார்ச்சாலையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, எரிமலைச் சாம்பற்கல் சுரங்கத் தொழிலாளர்களுக்காக வைக்கப்பட்டிருந்த ஒற்றைத் தொலைபேசிக் கூண்டு அது. 1997இல் அதன் எண் இணையத்தில் பரவ, உலகின் மூலைகளிலிருந்தெல்லாம் ஆட்கள் அதை அழைத்தார்கள். சிலர் நேரிலேயே போய்க் காத்திருந்து மணியடித்தால் எடுத்துப் பேசினார்கள். கூட்டம் பாலைச் சூழலைக் கெடுக்கிறது என்று பூங்காத் துறை முறையிட, தொலைபேசி நிறுவனம் கூண்டை அகற்றியது. வெறும் ஓர் எண்ணை மட்டும் நம்பி யாருமற்ற வெளிக்குப் பயணம் போகும் ஆசையும், அந்த ஆசையே அந்த வெளியைக் குலைக்கும் சிக்கலும் அல்மரின் வாளிக்கு முன்பே அங்கே இருந்திருக்கின்றன.

இனி ஒளித்துவைக்கும் கலைக்கு வருவோம். காட்டில் பெட்டியை மரப்பொந்தில் வைக்கலாம். நகரத்தில் விளக்குக்கம்பத்தின் அடியில் வைக்கலாம். பாலையில் என்ன இருக்கிறது? கிரியோசோட் புதரின் நிழல் பூனையைக்கூட மறைக்காது. மண்ணைத் தோண்டவும் கூடாது. அல்மர் செய்ததுபோல் புதைப்பதைப் பின்னர் வந்த விதிகள் தடுத்துவிட்டன. எனவே கல்லை அடுக்கித்தான் மூட வேண்டும். அடுக்கிய கல்லோ எவ்வளவு முயன்றாலும் அடுக்கிய கல்லாகவே தெரியும். தேடுபவர்களின் கலைச்சொல் அகராதியில் இதற்கொரு பெயருண்டு: 'இயற்கைக்கு மாறான கற்குவியல்'. கண்ணில் பட்டதும் புரட்டிப் பார்க்கத் தோன்றும் குவியல்.

தமிழ் படித்தவனுக்கு இங்கே ஒரு சொல் நினைவுக்கு வராமல் இராது. பதுக்கை. சங்கப் பாடல்களின் பாலை வழிகளில் ஆறலைக் கள்வரின் அம்புக்கு வீழ்ந்த வழிப்போக்கரின் உடலைத் தழையாலும் கல்லாலும் மூடிய குவியல் அது. பதுக்குதல், ஒளித்தல் என்ற அதே வேர்தான். பொருள்வயிற் பிரிந்து போகும் தலைவன் அந்தக் குவியல்களின் ஓரமாகத்தான் நடந்து போகிறான். தோழியும் தாயும் அஞ்சுவது அதைத்தான். பாலையில் பதுக்கப்பட்டது எப்போதும் பொருளாக இருக்கவேண்டியதில்லை, ஆளாகவும் இருக்கலாம் என்ற அச்சம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. அரிஸோனாவுக்கும் அகநானூற்றுக்கும் எந்த உறவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். நிலம் ஒன்றுபோல இருந்தால் கைகள் செய்யும் வேலையும் ஒன்றுபோல அமைகிறது, அவ்வளவுதான்.

குவார்ட்ஸைட்டிலேயே அப்படியொரு குவியல், கொஞ்சம் ஆடம்பரமாக, நிற்கிறது. ஊர் இடுகாட்டில் கல்லால் கட்டிய ஒரு பிரமிடு. உச்சியில் செம்பில் ஓர் ஒட்டகம். அடியில் உறங்குபவர் ஹாஜி அலி. ஒட்டோமான் பேரரசிலிருந்து, அமெரிக்க ராணுவம் இறக்குமதி செய்த ஒட்டகங்களோடு 1856இல் டெக்ஸாஸ் கரையில் வந்திறங்கியவர். போர்த்துறைச் செயலராக இருந்த ஜெஃபர்ஸன் டேவிஸின் வற்புறுத்தலால் 1855இல் காங்கிரஸ் 30,000 டாலர் ஒதுக்கித் தொடங்கிய சோதனை அது. 1857இல் எட்வர்ட் பீல் மேற்கே சாலைக்கு வழி அளந்தபோது ஒட்டகங்கள் கொடுத்த வேலையைச் செவ்வனே செய்தன. கோவேறு கழுதைகளுக்கும் அவற்றை ஓட்டியவர்களுக்கும்தான் அவற்றைப் பிடிக்கவில்லை. உள்நாட்டுப் போர் வந்தது, திட்டம் கைவிடப்பட்டது, ஒட்டகங்கள் விற்கப்பட்டன, சில பாலையில் அலைந்து திரிந்தன. அமெரிக்க நாக்கில் ஹை ஜாலி ஆகிவிட்ட ஹாஜி அலி, வழிகாட்டியாகவும் கனிமம் தேடுபவராகவும் வாழ்ந்து 1902இல் இங்கே இறந்தார். பிரமிடு 1935இல் அர்ப்பணிக்கப்பட்டது. ஒரு தோல்வியின் நினைவுச்சின்னம்தான் இன்று அவ்வூரில் அதிகம் பேர் படமெடுக்கும் இடம்.

இந்த விளையாட்டின் மூதாதை யார் என்பதில் ஒரு வழக்கமான வரலாறு உண்டு. இங்கிலாந்தின் டார்ட்மூர் சதுப்பு மேட்டில் 1854இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி கிரான்மியர் குளத்தருகே ஒரு புட்டி வைத்து, வந்தவர்கள் பெயர்ச்சீட்டைப் போட்டுப் போக வழிசெய்தார் என்பார்கள். அது சரியே. ஆனால் அரிஸோனாப் பாலையைப் பொறுத்தவரை மூதாதையைத் தேடி இங்கிலாந்து வரை போகவேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. 1862இல் கொலராடோ ஆற்றங்கரையில் லா பாஸ் பகுதியில் தங்கம் கிடைத்தது. கூட்டம் கூட்டமாகத் தேடிகள் வந்தார்கள். 1872ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின்படி பொதுநிலத்தில் கனிமம் கண்டவன் அந்த இடத்தைத் தனக்கென உரிமை கோரலாம். உரிமை கோருவது எப்படி? கற்களைக் குவித்து எல்லை அடையாளம் வைப்பான். பெயரும் தேதியும் எழுதிய தாளைப் புகையிலை டின்னிலோ புட்டியிலோ போட்டு அந்தக் குவியலுக்குள் செருகிவைப்பான். கற்குவியல், உள்ளே டப்பா, டப்பாவுக்குள் பெயரும் தேதியும். இதைவிட நெருங்கிய உறவு வேறென்ன வேண்டும்? ஒரே வேறுபாடு, அவன் 'இது என்னுடையது' என்று எழுதினான். இவர்கள் 'நான் வந்தேன்' என்று எழுதுகிறார்கள். இரண்டாவது வாக்கியம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஃபீனிக்ஸில் வசிக்கும் என் சிற்றப்பா மகனின் வீட்டில் ஒரு ஜனவரியில் தங்கியிருந்தபோது இதையெல்லாம் நேரில் காணும் வாய்ப்புக் கிடைத்தது. அவனுக்கு அறிமுகமான கனடா நாட்டுப் பெரியவர் ஒருவர், எழுபதைக் கடந்தவர், குவார்ட்ஸைட்டுக்குத் தெற்கே எங்களை அழைத்துப் போனார். கருவி காட்டிய இடத்தைச் சுற்றி நூறடிக்குள் மூன்று கற்குவியல்கள் இருந்தன. தம்பி முதல் குவியலை நோக்கிக் குனிந்ததும் பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார். சாய்ந்துபோன மரக்கம்பு ஒன்று அதில் சிக்கியிருந்தது. "உரிமைக் குவியல். யாருடையதோ, உயிரோடிருக்கும் உரிமையா செத்ததா தெரியாது. தொடாதே" என்றார். இரண்டாவது நீளவாக்கில், தாழ்வாக, கற்கள் பாதி மண்ணுக்குள் இறங்கிக் கிடந்தது. அதைப் பற்றி அவர் விளக்கவில்லை. தொப்பியை எடுத்துவிட்டு ஒதுங்கி நடந்தார். மூன்றாவதில் கற்கள் வெளுத்த பக்கம் மேலாகக் கிடந்தன. பாலைக் கல்லின் வானம் பார்த்த முகம் காலப்போக்கில் கருநிற மெருகு ஏறியிருக்கும், அடிப்பக்கம் வெளிறியிருக்கும். வெளிறிய பக்கம் மேலே இருந்தால் அண்மையில் யாரோ புரட்டியிருக்கிறார்கள். பழைய புகைப்படச் சுருள் டப்பா ஒன்று அதற்குள்ளிருந்து கிடைத்தது. வாசிப்பு என்பதற்கு எவ்வளவோ இலக்கணம் படித்திருக்கிறேன். கல்லின் நிறத்தைக் கொண்டு அது சொல்லப்படுவதை அன்றுதான் பார்த்தேன்.

அந்தக் கருமெருகுதான் இந்நிலத்தின் ஏடு. பிளைத் நகருக்கு வடக்கே, ஆற்றின் கலிஃபோர்னியக் கரையில், கரிய சரளையை விலக்கி அடியிலுள்ள வெளிர் மண்ணைத் தெரியச்செய்து பேருருவங்கள் வரையப்பட்டுள்ளன. பெரிய மனித உருவம் 171 அடி நீளம். நிலத்தில் நின்றால் ஒரு மேடும் தடமும்தான் கண்ணுக்குத் தெரியும். 1932இல் மேலே பறந்த விமானி ஒருவர் பார்த்துச் சொன்னபோதுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. மொஹாவி, குவெச்சன் மக்களுக்கு அது உலகைப் படைத்த மஸ்தாம்ஹோ. இன்று வேலி இருக்கிறது. வேலி வருமுன் ஓடிய சக்கரங்களின் தடங்கள் அந்தத் திருவுருவங்களின் மேலேயே பதிந்து கிடக்கின்றன.

சக்கரங்கள் அந்தப் பாலை முழுவதும் ஓடியிருக்கின்றன. 1942இல் வட ஆப்பிரிக்காவில் ஜெர்மானியரை எதிர்கொள்ளப் பயிற்சிக்களம் தேடிய ஜெனரல் ஜார்ஜ் பேட்டன் கலிஃபோர்னியாவும் அரிஸோனாவும் சேரும் இப்பகுதியைத் தேர்ந்தார். 1944இல் மூடப்படும்வரை ஏறத்தாழப் பத்து லட்சம் வீரர்கள் இங்கே பழகிப் போனார்கள். குவார்ட்ஸைட்டுக்கு வடகிழக்கே பௌஸ் முகாமில், எதிரியின் கண்ணைக் கூசவைக்கும் விளக்கு பொருத்திய டாங்கிகளை ரகசியமாகப் பழக்கினார்கள். அயர்ன் மவுண்டன் முகாமில் வீரர்கள் கூடாரத்தைச் சுற்றி அடுக்கிய கல்வரிசைப் பாதைகளும் கல்லாலான இரண்டு வழிபாட்டு மேடைகளும் இன்னும் இருக்கின்றன. இருபது வயதுப் பையன்கள், அடுத்த மாதம் எங்கே சாகப்போகிறோம் என்று தெரியாதவர்கள், கூடார வாசலில் கல் அடுக்கி அழகு பார்த்திருக்கிறார்கள். டாங்கித் தடங்கள் எண்பதாண்டு கழித்தும் அழியவில்லை. சில இடங்களில் வெடிக்காத குண்டுகளும் கிடக்கின்றன. பெட்டி தேடுபவர்களுக்கு அங்கே அறிவுரை எளியது: உலோகம் கண்டால் தொடாதே.

அதே 1942இல், ஆற்றங்கரையில், கொலராடோ ஆற்றுப் பழங்குடிகளின் நிலத்தில் போஸ்டன் என்ற இடத்தில் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை அடைத்துவைக்க முகாம் எழுந்தது. பாஸ்டன் நகரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது வேறு. அதிகபட்சமாக 17,000க்கும் மேற்பட்டோர் அங்கே இருந்தனர். பிறருக்கு நடக்கும் அநீதியில் தங்கள் நிலம் பங்குகொள்ளக்கூடாது என்று பழங்குடி மன்றம் எதிர்த்தது. எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் முகாம் கட்டப்பட்டது. டாங்கிகளுக்கும் கைதிகளுக்கும் இதே பாலையை அதிகாரிகள் தேர்ந்ததற்குப் பின்னால் இருந்தது ஒரே நம்பிக்கை: அங்கே ஒன்றுமில்லை, யாருமில்லை.

விளையாட்டும் சில வேளைகளில் அதே நம்பிக்கையில்தான் நடக்கிறது என்பதைச் சொல்லாமல் விடமுடியாது. இரு பெட்டிகளுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் இருக்கவேண்டும் என்பது விதி. நெவாடாவின் 375ஆம் எண் நெடுஞ்சாலையில் (வேற்றுக்கிரகவாசிகளின் பெயரால் அரசே பெயர் சூட்டிய சாலை) அந்த விதியைப் பிடித்துக்கொண்டு வழிநெடுக ஆயிரத்துக்கும் மேற்பட்ட டப்பாக்களை வரிசையாக வைத்தார்கள். வண்டியை நிறுத்து, ஓடு, எழுது, ஏறு, ஓட்டு. ஒரே நாளில் பல நூறு என்று கணக்குக் காட்டினார்கள். சாலைப் பாதுகாப்புக்குக் குந்தகம் என்று மாநிலப் போக்குவரத்துத் துறை சொல்ல, 2011இல் அவை அகற்றப்பட்டன. எனக்கு வருத்தமில்லை. அந்த வரிசையில் எந்தப் பெட்டியும் எந்த இடத்தையும் காட்டவில்லை. எந்தக் கல்லை எடுத்து எந்த டப்பாவை மூடினோம் என்று வைத்தவருக்கே நினைவிருந்திருக்காது. தேசியப் பூங்காக்கள் பொதுவாகப் பெட்டி வைக்க விடுவதில்லை. அங்கே இடமே புதையல். போய் நின்று, கவனித்து, கேள்விக்கு விடை எழுதினால் போதும். பழங்குடி நிலத்தில் அவர்களின் அனுமதி வேண்டும். கட்டுப்பாடு அதிகம் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. அந்தக் கனடாப் பெரியவர் முணுமுணுக்கும் ரகமில்லை. அறுநூறுக்கும் மேல் கண்டெடுத்திருக்கும் அவர் இதுவரை வைத்தது நான்கே பெட்டிகள். வைப்பதற்கு முன் ஓரிடத்துக்கு மூன்று முறையாவது போய் வருவாராம்.

பாலையில் நீடித்து உழைக்கும் பெட்டி எது என்று அவரிடம் கேட்டேன். வேனிலில் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்களில் பிளாஸ்டிக் டப்பா வெடித்து நொறுங்கிவிடும், தாள் அப்பளமாகிவிடும். ராணுவம் கழித்துவிட்ட தோட்டாப் பெட்டிதான் சிறந்தது என்றார். கனத்த இரும்பு, இறுக்கமான ரப்பர் விளிம்பு, தூசியும் நுழையாது. துப்பாக்கிக் குண்டுகளுக்காகச் செய்யப்பட்ட அப்பெட்டிக்குள் இப்போது பேரப்பிள்ளைகளுக்கான பொம்மைக் கார், ஒரு கோலிக்குண்டு, வெளிநாட்டு நாணயம், பென்சில். ஏப்ரல் நடுவில் வண்டிகள் ஒவ்வொன்றாக வடக்கே திரும்பிவிடும். பெட்டிகள் கல்லுக்கடியில் ஆளில்லாத கோடையைக் கழிக்கும். இலையுதிர் காலத்தில் முதலில் திரும்பி வருபவர் மூடியைத் திறந்து, நொறுங்கிய தாளை எடுத்துவிட்டுப் புதுத்தாள் வைத்து, கருத்த பக்கம் மேலிருக்கும்படி கற்களைத் திரும்ப அடுக்குவார்.